ஒரு வாளிப் புழு எருவில் இருநூறு நாற்று

கல்முனைக் கரையோரத்தில் வாழும் கமக்காரக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று மிஞ்சியிருப்பது வட்டையில் வயலல்ல. வீட்டைச் சுற்றியுள்ள சில பேர்ச் வளவுதான். 1990 வன்செயலில் ஊரையும் காணியையும் விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீடு வாசலை இழந்து, கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற சட்டத்தால் அலைக்கழிந்து, பின்னர் வீட்டுத்திட்டங்களில் குடியேறியவர்களும் இருக்கிறார்கள். மாடிக் குடியிருப்புகளில் இருப்போருக்கு வளவு என்பதே இல்லை. படிக்கட்டும் மாடத்தின் ஓரமும்தான் அவர்களது தோட்டம்.

வளவு உள்ளவர்களுக்கும் கடல் மணலோடுதான் வாழ்க்கை. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் கீழே இறங்கிவிடுகிறது. போட்ட உரமும் அதோடு கரைந்து போய்விடுகிறது. இந்த நிலையில் மண்ணைத் திருத்துவதைவிட, பையிலும் சாடியிலும் நல்ல மண்கலவை ஒன்றை நாமே தயாரிப்பது இலேசு. அந்தக் கலவைக்கு உயிர் கொடுக்கும் பொருளாகிய மண்புழு எருவைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

புழு செய்யும் வேலை

புழு உக்கும் குப்பையைத் தின்று, குடலில் அரைத்து, சிறு சிறு உருண்டைகளாக வெளியே தள்ளுகிறது. இந்த உருண்டைகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தழை, மணி, சாம்பல் சத்துக்களைச் சிறிது சிறிதாக விடும். நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் இவற்றில் ஏராளம். மணலில் இல்லாத குணங்கள் எல்லாம் இவை.

எந்தப் புழு என்பது முக்கியம். வயலைக் கொத்தும்போது வரும் சாம்பல் நிறப் புழு ஆழ மண்ணில் வாழ்வது; பெட்டியில் போட்டால் நிலைக்காது. பழைய மாட்டெருக் கும்பியின் அடியில், ஈரத்தில் நெளியும் மெல்லிய செம்பழுப்புப் புழுவே நமக்கு வேண்டியது. சென்னை நியூ கொலிஜில் விலங்கியல் கற்பித்த பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுவைத் தேடாமல் அந்தந்த ஊர்ப் புழுவைக் கொண்டே எரு தயாரிக்கலாம் எனப் பல ஆண்டுகளாகக் காட்டி வந்தவர். ஆகவே புழுவுக்கென்று பெருந்தொகை செலவழிக்க வேண்டியதில்லை. இரண்டு கைப்பிடி கிடைத்தாலும் தொடங்கலாம். சில மாதங்களில் பெருகிவிடும்.

வயலுக்கா, சாடிக்கா?

இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அந்தப் பெரும்போகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் கடுமையாக விழுந்தது. சேதனப் பசளை நல்லதுதான். ஆனால் தேவையான அளவு இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை நாம் எல்லோரும் கண்டோம்.

கணக்குப் பார்ப்போம். 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ தழைச்சத்து உண்டு. மண்புழு எருவின் காய்ந்த நிறையில் தழைச்சத்து ஒன்று தொடக்கம் இரண்டு வீதம் வரைதான். ஒன்றரை வீதம் என்று வைத்தாலும், ஒரு மூடை யூரியாவுக்கு ஈடாக ஒன்றரைத் தொன் எரு வேண்டும். அதுவும் ஒரே போகத்தில் முழுதாகக் கிடைக்காது. ஏக்கர்க் கணக்கில் வயலுக்குப் போட எந்த வீட்டுப் பெட்டியாலும் முடியாது.

ஆனால் நாற்றுப் பைக்கு வேண்டியது கொஞ்சமே. அங்கேதான் புழு எருவின் மதிப்புத் தெரியும்.

எவ்வளவு கலக்கலாம்?

அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் எட்வேர்ட்ஸும் அவரது குழுவினரும் தக்காளி, செவ்வந்தி முதலியவற்றைச் சாடிகளில் வளர்த்து, கலவையில் புழு எருவின் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார்கள். 2000 ஆம் ஆண்டளவில் வெளிவந்த அவர்களது முடிவுகளின்படி, கலவையில் 10 தொடக்கம் 40 வீதம் வரை புழு எரு இருந்தபோதே பயிர்கள் பெரும்பாலும் நன்றாக வளர்ந்தன. அதற்கு மேல் கூட்டக் கூட்ட வளர்ச்சி குறைந்தது. வேண்டிய சத்தெல்லாம் வேறாகக் கொடுத்தபோதும், சிறிதளவு எரு சேர்த்த செடிகள் முந்தி நின்றன. எனவே எருவின் பயன் சத்து மட்டுமல்ல.

அதிகமானால் ஏன் கெடுகிறது? எருவிலும் கரையும் உப்புக்கள் உண்டு. தனி எருவில் ஈரம் தேங்கி வேருக்குக் காற்றுப் போகாது. நல்லதுதானே என்று பையை எருவால் மட்டும் நிரப்பினால் நாற்று மஞ்சளித்து நின்றுவிடும்.

நமது ஊருக்கு ஏற்ற கலவை இது. அளவு, 10 லீற்றர் வாளி:

தும்புச்சோறு – 2 வாளி
கழுவிய மணல் – 1 வாளி
அரித்த மேல்மண் அல்லது நன்கு உக்கிய கூட்டெரு – 1 வாளி
மண்புழு எரு – 1 வாளி

மொத்தம் 50 லீற்றர். அதில் எரு 20 வீதம். கால் லீற்றர் கொள்ளும் சிறு பைகளில் நிரப்பினால் 200 நாற்றுக்குப் போதும். தும்புச்சோற்றை நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்து வடித்தே எடுக்க வேண்டும். சவர்த்தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததில் உப்பு இருக்கும். தும்புச்சோறு போதாவிட்டால் சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து நெல் ஆலைகளில் கிடைக்கும் உமியைக் கரியாக்கிச் சேர்க்கலாம். ஆனால் ஒரு வாளிக்கு மேல் வேண்டாம்.

எருவைத் தயாரித்தல்

மீன் வாடிகளில் கழித்துவிடும் ரெஜிபோம் பெட்டி நல்ல வீடாகும். உப்புப் போகக் கழுவி, அடியில் துளையிட்டு, கல்லின் மேல் நிழலில் வையுங்கள். அடியில் ஈரத் தும்புச்சோறு, நறுக்கிய வைக்கோல், வாழைத் தண்டு, இரண்டு வாரமாவது ஆறப்போட்ட மாட்டெரு ஆகியவற்றைப் பரப்புங்கள். பச்சை மாட்டெரு சூடேறிப் புழுவைக் கொன்றுவிடும். பின் புழுவை விட்டு, ஈரச்சாக்கால் மூடுங்கள்.

உணவாக மரக்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை போடலாம். ஆற்றிலிருந்து ஆற்றுவாழை எடுத்து நறுக்கிப் போடுவதும் நன்று. குப்பையும் கழிவுநீரும் தேங்கிய தோணாவிலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம். மீன் குடல், இறைச்சி, எண்ணெய், கறி மிச்சம், தேசிக்காய், கோழி எரு ஆகியவை கூடாது.

ஒரு பிடியை அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். ஒன்றும் வராவிட்டால் காய்ந்துவிட்டது. ஒரு கிலோ புழு நாளொன்றுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ தின்னும். இரண்டு மூன்று மாதத்தில் ஒரு வாளி எரு சேரும். ஆகவே நாற்றுப் போடும் நாளைக் கணக்கிட்டு முன்கூட்டியே தொடங்குங்கள்.

எடுக்கும்போது பொலித்தீன் விரிப்பில் வெளிச்சத்தில் சிறு குவியலாகக் கொட்டுங்கள். புழு கீழே இறங்கும். மேலிருந்து எருவை வழித்து எடுங்கள். ஈரம் காயாமல் நிழலில் வைத்திருங்கள்.

கவனிக்க வேண்டியவை

கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் பெட்டி சூடேறும். காலையும் மாலையும் சாக்கை நனையுங்கள். எறும்பு ஏறாதிருக்கப் பெட்டியின் கால்களைத் தண்ணீர்ப் பேணியில் நிறுத்துங்கள். காகத்துக்கும் மூஞ்சூறுக்கும் இறுக்கமான மூடி வேண்டும்.

கிணற்று நீர் சவராயின் புழு எரு அதை மாற்றாது. அந்நீரையே ஊற்றினால் பையில் உப்புச் சேரும். மழைநீரைப் பிடித்து நாற்றுக்கென ஒதுக்குங்கள்.

முதற் கலவையை நம்பி விதையெல்லாம் போட வேண்டாம். ஒரு பேணியில் பத்துப் பயறு போட்டுப் பாருங்கள். எட்டாவது முளைத்து, இலை பச்சையாக நின்றால் கலவை சரி.

இருபது லீற்றர் உரப்பையில் கத்தரி, கொச்சி, தக்காளி வளர்ப்போர், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு பிடி எரு மேலே தூவ வேண்டும். காய்க்கும் காலத்தில் சிறிதளவு இரசாயன உரமும் சேர்ப்பதில் தவறில்லை.

வருமானம்

எருவை மூடையாக விற்பதைவிட நாற்றாக விற்பதே சிறு குடும்பத்துக்குப் பொருத்தம். ஒரு வாளி எருவுக்கு ஒரு விலைதான். அதிலிருந்து வரும் 200 நாற்றுக்கு 200 விலை. பெண்கள் வீட்டிலிருந்தே செய்யலாம். முதலில் அயலவர் கேட்கும் இனங்களில் ஐம்பது போட்டு, விற்றபின் கூட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை. "புழுவை எம்மிடம் வாங்குங்கள், பெருகியதை நாமே நல்ல விலைக்குத் திரும்ப எடுப்போம்" என்று வருவோரிடம் முற்பணம் கொடுக்க வேண்டாம். அமெரிக்காவின் ஒக்லகோமாவில் இவ்வாறு நடந்த பெரிய நிறுவனம் ஒன்று 2003 இல் சரிந்து, சேமிப்பைப் போட்டவர்கள் புழுவோடு நின்றார்கள்.

வீட்டுக் குப்பையின் மறுபக்கமும் உண்டு. நமது மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக் கலந்த குப்பையைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் இருபது யானைகள் இறந்ததாக 2022 சனவரியில் உலகெங்கும் செய்தி வந்தது. யானையை அங்கே இழுப்பது பிளாஸ்ரிக்கோடு கலந்து போகும் உணவுக் கழிவே. அதில் மரக்கறித் தோலையும் பழத்தோலையும் வீட்டிலேயே பிரித்துப் புழுவுக்குக் கொடுத்தால், மேட்டுக்குப் போகும் சுமை அந்த அளவுக்குக் குறையும்.

ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து தொடங்கினால் புழுவையும் நாற்றையும் பகிர்ந்துகொள்ளலாம். விதை இனம், நோய் பற்றிய ஐயங்களுக்கு உங்கள் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள். இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்றுண்டு: ஒரு பெட்டியைத் தேடிக் கழுவி, நிழலில் வைத்து, மாட்டெருவை ஆறப்போடுங்கள். எரு ஆறும் இரண்டு வாரத்துக்குள் புழுவைத் தேடிக்கொள்ளலாம்.