பாசி தின்னும் நீர்ப்பிராணிகள்: வீட்டுத் தொட்டியிலும் வயல் வாய்க்காலிலும்

மீன்தொட்டி வைப்பது முன்னர் பட்டின வீடுகளுக்கே உரிய அலங்காரமாக இருந்தது. இன்று இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்ட லயங்களிலும் கிராமத்து வீடுகளிலும் கண்ணாடித் தொட்டியையோ சீமெந்துத் தொட்டியையோ காணலாம். தொட்டி வைத்தவர் யாவருக்கும் நேரும் தொல்லை பாசியாகும். அதை ஒழிக்கவென்று கடைகளில் பலவகைப் பிராணிகள் விற்கப்படுகின்றன. அவற்றுள் சில வீட்டுக்கு நன்மை தருவன; சில வாய்க்காலை அடைந்தால் வயலுக்கே கேடு விளைப்பன. ஆகவே இவற்றைப் பற்றிக் கமக்காரர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

பாசி ஏன் வளர்கிறது?

பாசியும் பயிரைப் போன்றதே. வெயிலும் பசளையும் கிடைத்தால் அது செழிக்கும். யூரியா இட்ட வயலில் நீரின்மேல் பச்சைப் படலம் படர்வதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டியில் மீனின் கழிவும் தின்னாது எஞ்சிய தீனியுமே பசளையாகின்றன. எனவே யன்னலோரத்து வெயிலில் தொட்டியை வைத்தலும், அளவுக்கு மிஞ்சித் தீனி இடுதலும் பாசியைப் பயிரிடுவதற்கு ஒப்பாகும்.

தொட்டியை நிழலில் வையுங்கள். விளக்கு வைப்பதாயின் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் போதும். இரண்டு மூன்று நிமிடத்துள் தின்று முடிக்கக்கூடிய அளவே தீனி இடுங்கள். வாரந்தோறும் தொட்டி நீரில் காற்பங்கை மாற்றுங்கள். அகற்றிய நீரைச் சாக்கடையில் ஊற்றாது கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு இறைத்தால் பயிருக்குச் சிறிது ஊட்டம் கிடைக்கும்.

பாசி தின்னும் பிராணிகளை விட்டாலும் இவ்வேலைகள் நீங்கா. அவை பாசியைத் தின்று கழிவாக வெளியேற்றுகின்றன. அக்கழிவு மறுபடியும் பாசிக்கு உரமாகிறது.

நம் ஓடைகளின் மேய்ச்சற்காரர்

களுகங்கை, களனி கங்கை ஆகியவற்றின் கிளையாறுகளில் கல்லோடு ஒட்டி நின்று பாசியைச் சுரண்டித் தின்னும் சிறு மீன் ஒன்றுண்டு. சிங்களத்தில் இதனைக் ‘கல் பாண்டியா’ என்பர். இலங்கைக்கே உரிய இம்மீனுக்கு வாயின் கீழ்ப்புறம் வட்டமான ஒட்டுத்தசை இருப்பதால், விரைந்தோடும் நீரிலும் கல்லை விட்டு வழுக்காது.

ஈர வலயத்து நிழலோடைகளில் வாழும் மற்றொரு மீன் ‘புலத் ஹப்பயா’. வெற்றிலை மெல்பவன் என்பது இதன் பொருள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் தலைப்புறம் வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்திருக்கும். நூல்போன்ற பாசியே இதன் முக்கிய உணவு. இதுவும் இலங்கைக்கே உரியது.

இவற்றை ஓடையில் வலைபோட்டுப் பிடித்தல் கூடாது. அலங்கார மீன் வாணிபத்துக்காகப் பிடித்ததால் புலத் ஹப்பயா பல இடங்களில் அருகிவிட்டது. மாணிக்கக் குழிகளிலிருந்து வரும் சேற்றுநீர் கற்களின்மேல் படியும்போது பாசி மடிகிறது. பாசி மடிந்தால் கல் பாண்டியாவுக்கு மேய்ச்சல் இல்லை. இம்மீன்களை வளர்க்க விரும்புவோர், தொட்டியிலேயே பெருக்கப்பட்ட குஞ்சுகளை மாத்திரம் வாங்குதல் வேண்டும்.

வீட்டுத் தொட்டிக்கு ஏற்றவை

மொலி மீன் எளிதிற் கிடைப்பது. பாசியை ஓயாது கொறித்துத் தின்னும், குஞ்சாகவே ஈனும். ஆயினும் அதற்குச் சுண்ணாம்புச் சத்துள்ள நீர் வேண்டும். நம் மலைப்பகுதிப் பீலித் தண்ணீர் மென்மையானது. சுண்ணாம்பு மிகக் குறைந்தது. இத்தகைய நீரில் மொலி மெலியும். நத்தைகளின் ஓடும் அரிக்கப்படும். கழுவிய சிப்பி ஓடு சிலவற்றைத் தொட்டியில் இட்டுவைத்தால் இக்குறை நீங்கும்.

சிற்றிறால்கள் செடிகளின் இடுக்கிலுள்ள மென்பாசியைப் பொறுக்கித் தின்னும். கண்ணாடியில் ஒட்டிய கடும்பாசிக்கு நெரைற்று எனப்படும் வரிநத்தை ஏற்றது. இதன் குஞ்சுகளுக்கு உவர்நீர் வேண்டுமாதலால் நன்னீர்த் தொட்டியில் இது பெருகாது.

இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு கொடிய நஞ்சாகும். செம்பு கலந்த பூஞ்சண நாசினி தெளித்த கையைக் கழுவாது தொட்டியில் விடாதீர்கள். தெளிகருவியை ஓடையிற் கழுவுவதும் இதே காரணத்தால் தகாது.

எச்சரிக்கைக்கு உரிய இரண்டு

முதலாவது, ‘டாங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் தென்னமெரிக்க மீன். வாங்கும்போது விரலளவே இருக்கும். வளர்ந்தால் ஒன்றரை அடியையும் எட்டும். வளர வளரப் பாசி தின்பதிலும் குறைந்துவிடும். தொட்டி கொள்ளாதபோது பலர் இதனை ஓடையில் விட்டுவிடுகின்றனர். உடலெங்கும் எலும்புத் தகடு போர்த்த இம்மீனைப் பிற பிராணிகள் எளிதில் உண்ணமாட்டா. காற்றை விழுங்கிச் சுவாசிக்க வல்லதாதலால் கலங்கல் நீரிலும் உயிர்வாழும். முட்டையிடுவதற்காகக் கரையில் மூன்று, நான்கு அடி ஆழத்துக்கு வளை தோண்டும். கரை வளைகளாற் பொள்ளலானால் மழைக்காலத்தில் இடிந்து விழும். இலங்கையின் நீர்நிலைகள் சிலவற்றில் இம்மீன் ஏற்கெனவே குடியேறியுள்ளது.

இரண்டாவது, தென்னமெரிக்க அப்பிள் நத்தை. இதன் ஓரினம் 1980ஆம் ஆண்டளவில் தாய்வானுக்கும், பின்னர் பிலிப்பைன்சுக்கும் உணவுக்காகக் கொண்டுவரப்பட்டது. விற்பனை இல்லாதொழியவே கைவிடப்பட்டு, வயல்களிற் புகுந்து நெல்லின் பெரும் பகையாயிற்று. நாற்று நட்ட வயலில் முதல் 15 நாட்களும், விதைத்த வயலில் முதல் 30 நாட்களும் இளம் பயிரை இது அடியோடு அறுத்துத் தின்னும். மீன்தொட்டி வாணிபத்தின் மூலம் இலங்கைக்கு வந்த இனம் அத்துணைக் கொடியதன்று. எனினும் கண்ணால் மாத்திரம் பார்த்து இரண்டையும் வேறுபடுத்துதல் அரிது.

நம் நாட்டுப் பானை நத்தை ஈரமண்ணில் மறைவாக வெண்ணிற முட்டையிடும். நத்தைகுத்தி நாரைக்கு அது இரை. அதனை அழிக்க வேண்டாம். பயிர்த்தண்டிலோ வாய்க்காற் சுவரிலோ நீர்மட்டத்துக்கு மேலே இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தைக் கண்டால், அது அந்நிய நத்தையின் முட்டை என்று கொள்க. கையுறை அணிந்து அதைச் சுரண்டி நசுக்குங்கள். உடனே விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள்.

வெள்ளமும் தொட்டியும்

2003 மே, 2017 மே மாதங்களில் களுகங்கை பெருகி இரத்தினபுரி நீரில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய வெள்ளம் முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் உள்ளவற்றையெல்லாம் ஒரே இரவில் வயலுக்குக் கொண்டுசெல்லும். ஆகவே வெளித்தொட்டியை மேட்டு நிலத்தில் அமையுங்கள். மேலே வலை கட்டுங்கள். வடிகுழாய்க்கு நுண்சல்லடை இடுங்கள். வேண்டாத மீனையோ நத்தையையோ விற்ற கடைக்கே திருப்பிக் கொடுங்கள். ஓடை, வாய்க்கால், குளம் ஆகியவற்றில் ஒருபோதும் விடாதீர்கள்.

ஆகாயத்தாமரையும் அழகுக்காகவே இந்நாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் நீர்நிலைகளை அடைத்துக்கொண்டதால், 1909இல் அதனை ஒழிக்கத் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. நூறாண்டு கடந்தும் அதை நாம் அள்ளி எறிந்துகொண்டே இருக்கிறோம். ஒருவர் வீட்டில் அழகாக இருந்தது ஊராரின் உழைப்பைத் தின்னும் பகையாயிற்று. நீங்கள் ஓடையில் விடும் ஒரு மீனும் கீழேயுள்ள வயற்காரருக்கு அவ்வாறு ஆகாதபடி பார்த்துக்கொள்வது உங்கள் கடமையாகும்.