ஆடவர் மறைக்கும் புடைப்பு

அறந்தாங்கிப் பகுதிச் சங்கமொன்றில் நாம் கணக்குப் பார்த்தபோது, ஒருநாளும் தவணை தவறாத விவசாய அங்கத்தினர் ஒருவரின் பெயர் பாக்கிதாரர் பட்டியலில் இருக்கக் கண்டோம். நேரில் விசாரித்தோம். நெடுநேரம் தயங்கியபின், "வீட்டிலேகூடச் சொல்லலீங்க ஐயா" என்றார். தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு. நான்கு ஆண்டுகளாக வேட்டியை இறுக்கிக் கட்டி மறைத்து வந்திருக்கிறார். மூட்டை தூக்க இயலாமல், கூலிக்கு ஆள் வைத்ததில் வருமானம் குன்றிற்று.

இது குடலிறக்கம். ஹெர்னியா என்பர். தகாத ஒழுக்கத்தால் வருவதென்று பலர் அஞ்சுவது முற்றிலும் தவறு. ஆண் உடலின் அமைப்பே இதற்கு இடந்தருகிறது.

விரைகள் இரண்டும் கருவிலிருக்கும் சிசுவின் வயிற்றினுள், சிறுநீரகங்களுக்கு அருகே தோன்றுகின்றன. விந்தணு விளைய உடற்சூட்டினும் 2 முதல் 4 டிகிரி குறைந்த வெப்பமே ஏற்றதாதலின், பெரும்பாலும் பிறப்பிற்கு முன்னரே அவை அடிவயிற்றுச் சுவரைக் கடந்து விரைப்பைக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு விரையின் பின்புறமும் ஒட்டிய நுண்குழலை நீட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர் வரும். தார்க்குச்சியில் சுற்றிய நூலைப்போல் அது சுருண்டு கிடக்கிறது. விரை இறங்கிய வழி, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமுள்ள சாய்வான பாதை. விந்துக்குழலும் இரத்தக் குழாய்களும் அதன் வழியே செல்வதால் அது முற்றிலும் மூடுவதில்லை. அங்கே சுவர் நைந்தால் குடல் பிதுங்கும். ஆடவரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் இது நேரக்கூடும். பாரம் தூக்குவது மட்டுமே காரணமென்று சொல்வதற்கில்லை. நாட்பட்ட இருமலும் மலச்சிக்கலும் துணை செய்யும்.

இருமினால் புடைத்து, படுத்தால் உள்ளே போவது குடலிறக்கத்தின் இயல்பு. விரையைச் சுற்றி நீர் கோத்த வீக்கம் வேறு. யானைக்கால் நோய்க் கிருமியாலும் அது வரும். எதுவென்று மருத்துவரே சொல்லவேண்டும். புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் கண்டால் ஒரு வேளையும் தாமதிக்கலாகாது. நெருக்குண்ட குடல் அழுகி உயிருக்கே ஆபத்தாகும்.

மருந்தினாலும் கச்சையினாலும் இத்துவாரம் அடையாது; சத்திர சிகிச்சையே வழி. 1880களில் இத்தாலியரான பஸ்ஸினி, சதையை இழுத்துச் சேர்த்துத் தைத்தார். நைந்த துணியின் இரு ஓரங்களையும் இழுத்துத் தைத்தால் என்ன ஆகுமென்று நெசவாளருக்குத் தெரியும். அமெரிக்கரான லிக்டன்ஸ்டைன் 1980களில் இழுக்காமலே வலைத்துணி ஒட்டுப்போடும் முறையைப் பரப்பினார். அத்துணியின் விலையோ அதிகம். மகாராஷ்டிரத்தின் தொண்டாயிச்சா என்னும் சிற்றூரில் டாக்டர் டோங்காவ்கர் கொசுவலைத் துணியையே சுத்திகரித்துப் பயன்படுத்தி, 2003இல் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் உகாண்டாவில் 302 ஆடவரிடம் இவ்வகை வலையையும் விலையுயர்ந்த வலையையும் ஒப்பிட்டனர். ஓராண்டில் பெரிய வேறுபாடு இல்லையென்று 2016இல் அறிவித்தனர். (இதைப் படித்துவிட்டு எவரும் வீட்டுக் கொசுவலையைக் கத்தரிக்க வேண்டா!)

நம் அங்கத்தினர் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பினார். சில வாரங்கள் பாரம் தூக்கலாகாதென்று மருத்துவர் கூறியிருந்தார். தவணைக்கு அவகாசம் கோரும் மனுவில் 'காரணம்' என்ற இடத்தை அவர் வெறுமையாக விட்டிருந்தார். எழுதும்படி கூறினோம். சற்றே தயங்கி, 'குடலிறக்கச் சிகிச்சை' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.