திரும்பி வந்த அண்ணன் இளையவனா?

இரட்டையர் இருவரை எண்ணிக்கொள்ளுங்கள். சில நிமிடங்கள் முந்திப் பிறந்தவன் அண்ணன், பிந்தியவன் தம்பி. 25ஆம் வயதில் அண்ணன் விண்கலம் ஏறுகிறான். ஒளியின் வேகத்தில் 80 விழுக்காட்டு வேகத்துடன், 8 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீனை அடைந்து உடனே திரும்புகிறான். தம்பி ஊரிலேயே இருக்கிறான். மீண்டும் சந்திக்கையில் தம்பிக்கு வயது 45, அண்ணனுக்கோ 37!

இது கட்டுக்கதையன்று. 1905இல் ஐன்ஸ்டீன் வெளியிட்ட சிறப்புச் சார்புக் கோட்பாடு தரும் கணக்கு. விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்கிறது அது.

இங்கே ஓர் ஐயம் எழும். அண்ணனின் பார்வையில் தம்பியல்லவா விரைந்து விலகினான்? அப்படியாயின் தம்பியல்லவா இளையவனாக வேண்டும்?

இருவரும் ஆண்டுக்கொரு வாழ்த்தை வானொலி அலையில் அனுப்புவதாகக் கொள்வோம். செல்லும் 6 ஆண்டுகளில் அண்ணனுக்குக் கிடைப்பவை 2 வாழ்த்துகளே. திரும்பும் 6 ஆண்டுகளில் 18 வந்து குவிகின்றன. தம்பிக்கோ முதல் 18 ஆண்டுகளில் 6. கடைசி 2 ஆண்டுகளில் 6. ஏன் இந்த வேற்றுமை? கலத்தைத் திருப்பியவன் அண்ணன். அக்கணமே அவனுக்கு வாழ்த்துகள் விரைந்து வரத் தொடங்கின. ஊர்க்கணக்கில் 10ஆம் ஆண்டில் நிகழ்ந்த அத்திருப்பம், மேலும் 8 ஆண்டுகள் கழித்தே தம்பிக்குத் தெரிய வருகிறது. இருவர் நிலையும் ஒன்றன்று.

‘இப்பொழுது’ என்பது எது?

விண்மீனை அடையும் வேளையில், “ஊரில் இப்பொழுது எத்தனை ஆண்டுகள் கழிந்திருக்கும்?” என்று அண்ணன் கணித்தால், 3.6 என்று விடை வரும். திரும்பியதும் கணித்தால் 16.4! இடையிலிருந்த 12.8 ஆண்டுகள் எங்கே? தம்பியின் தலை ஒரு நொடியில் நரைத்துவிடவில்லை. ஊரில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நாளாகவே கழிந்தது. மாறியது அண்ணனின் ‘இப்பொழுது’ மட்டுமே. தொலைதூரத்திற்கும் நமக்கும் பொதுவான ‘இப்பொழுது’ இல்லை. வேகம் மாறினால் அதுவும் மாறும். கலம் மெல்லத் திரும்பினால், அந்த ஆண்டுகளும் மெல்ல மெல்லக் கணக்கில் சேரும்.

சான்று உண்டா? உண்டு. மியூவான் எனும் நுண்துகள் சராசரியாக ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு நேரமே வாழும். 1977இல் ஜெனிவா அருகிலுள்ள ஐரோப்பிய அணு ஆய்வு மையத்தில் அதனை வளையத்தினுள் மிகு வேகத்தில் சுற்ற விட்டனர். புறப்பட்ட இடத்திற்கே மீண்டும் மீண்டும் வந்த அத்துகள்களின் ஆயுள், சுமார் 29 மடங்கு நீண்டது. அவற்றின் வேகத்திற்குக் கோட்பாடு சொன்ன அதே அளவு! வளைந்து திரும்புவதால் ஏற்பட்ட பெரும் முடுக்கம் அக்கணக்கைச் சிறிதும் மாற்றவில்லை.

வாசகர்களே, அண்ணன் 8 ஆண்டுகளைச் சம்பாதித்துவிட்டான் என்று எண்ணிவிடாதீர்கள். அவன் உண்டதும் உறங்கியதும் 12 ஆண்டுகளுக்கே. விடைகொடுத்தபோது 50 வயதாயிருந்த அன்னைக்கு இன்று 70. அவனுடைய 12ம் மெய். அவளுடைய 20ம் மெய்.