குற்றாலத்துக்கு வந்த ‘ஆங்கிலேயர்’: ஒரு பெயர் மயக்கம்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் வரலாறு பேசப்படும்போது ‘ஆங்கிலேயர்’ என்னும் சொல் தயக்கமின்றி ஆளப்படுகிறது. சாரல் காலத்தில் பாளையங்கோட்டையிலிருந்து வந்து தங்கிய அதிகாரிகள், சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்ட கம்பெனித் தோட்டத்தார், செடிகொடிகளைத் திரட்டிய மருத்துவர், சமயப் பணியாளர் என அனைவரும் அச்சொல்லுள் அடங்கிவிடுவர். அவர்தம் தாயகமும் ‘இங்கிலாந்து’ என்றே கொள்ளப்படும். இவ்வழக்கு எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

இங்கிலாந்து என்பது பிரித்தானியத் தீவின் ஒரு பகுதியே. அதனோடு ஸ்காட்லாந்து 1707இல் இணைந்தது. அயர்லாந்து இணைந்தது 1801இல். திருநெல்வேலிச் சீமை முற்றிலும் கம்பெனி ஆட்சிக்குள் வந்ததும் அதே ஆண்டில்தான். ஆகவே இங்கு வந்த பிரித்தானியர் யாவரும் ஆங்கிலேயர் அல்லர்.

1830களில் குற்றால மலைகளில் தாவரங்களைத் திரட்டிய ராபர்ட் வைட் ஸ்காட்லாந்தில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர். திருநெல்வேலி வரலாற்றை 1881இல் நூலாக வெளியிட்ட கால்டுவெல், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு அயர்லாந்தில் பிறந்து கிளாஸ்கோவில் கல்வி கற்றவர். 1801ஆம் ஆண்டுப் பாளையக்காரர் போரில் பங்கேற்று, அதனைத் தம் நினைவுக்குறிப்பில் பதிவுசெய்த ஜேம்ஸ் வெல்ஷ் பெயரளவில் வேல்ஸ் நாட்டினராகத் தோன்றுவார். ஆனால் அவர் பிறந்ததும் எடின்பரோவிலேயே. ஜி.யு. போப் இன்றைய கனடாவைச் சேர்ந்த தீவொன்றில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் பணியாற்றிய ரேனியுஸ் பிரித்தானியரே அல்லர். பிரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியர்.

இம்மயக்கத்துக்குத் தமிழர் மட்டுமே பொறுப்பாகார். கம்பெனிப் பணியிலிருந்த ஸ்காட்லாந்தினரும் தம் தரப்பை ‘ஆங்கிலேயர்’ எனப் பொதுவில் சுட்டியதுண்டு. கால்டுவெல்லின் வரலாற்று நூலிலேயே அவ்வழக்கைக் காணலாம். ஐரோப்பியரும் நெடுங்காலம் தமிழரை ‘மலபாரிகள்’ என்றே எழுதிவந்தனர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

இவ்வேறுபாட்டை அறிவதால் காலனிய ஆட்சியின் பொறுப்பு எவ்வகையிலும் குறைந்துவிடாது. ஸ்காட்லாந்தினரும் அவ்வாட்சியின் படையிலும் வருவாய்த் துறையிலும் பெரும்பங்கு வகித்தவர்களே. தன்னாட்சி இழந்த நாட்டினர் ஆதலால் அவர்கள் இங்குள்ளோர்பால் இரக்கம் மிக்கவராயிருந்தனர் எனக் கொள்வதும் மற்றொரு பிழையாகவே முடியும்.

பிழையின் விளைவு ஆவணத் தேடலில்தான் வெளிப்படையாகத் தெரிகிறது. தாயகம் இங்கிலாந்து என்று கொள்ளும் ஆய்வாளர் முதலில் இலண்டனையே நாடுவார். அங்குள்ள கியூ தாவரவியல் தோட்டத்தில் வைட்டின் உலர்தாவரங்கள் உள்ளன என்பது உண்மையே. எனினும் அவர் திரட்டியவற்றின் மற்றொரு பெருந்தொகுதியும், ரங்கையா, கோவிந்து என்னும் தென்னிந்திய ஓவியர்கள் அவருக்காக வரைந்த தாவர ஓவியங்களுள் பலவும் எடின்பரோ அரசத் தாவரவியல் தோட்டத்தில் பாதுகாக்கப்படுகின்றன. குற்றாலத் தாவரங்களின் வரலாற்றை எழுத முனைவோர் எடின்பரோவையும் நாடுதல் வேண்டும்.