நித்தியகல்யாணி தந்த மருந்து

தோட்டக் குடியிருப்புகளில் வேலியோரத்திலும் கோயில் வளாகத்திலும் ஆண்டு முழுதும் பூத்துக் குலுங்குவது நித்தியகல்யாணிச் செடி. மலாய் மொழியில் இதனைக் கெமுந்திங் சீனா என்பர். இதன் தாயகம் மடகாஸ்கர் தீவாகும். புற்றுநோய்க்குரிய இரண்டு சிறந்த மருந்துகள் இச்செடியிலிருந்தே கிடைத்தன என்பது பலரும் அறியாத செய்தி.

ஜமைக்கா மக்கள் இதன் இலையைக் காய்ச்சி, நீரிழிவு நோய்க்கு அருந்தி வந்தனர். 1952ஆம் ஆண்டில் அவ்விலைகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டன. இராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் எனும் அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்தனர். இலைச்சாறு செலுத்தப்பட்ட எலிகளின் இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. மாறாக, வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது பயன்படக்கூடும் என அவர்கள் உய்த்துணர்ந்தனர். இவ்வாறு பிறந்ததே வின்பிளாஸ்டின். அடுத்து வந்த வின்கிரிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்க அரசு ஒப்புதல் வழங்கியது.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிவதற்கு அதனுள் நுண்ணிய இழைகள் தோன்றவேண்டும். இம்மருந்துகள் அவ்விழைகள் உருவாகாமல் தடுக்கின்றன. பிரிய இயலாத புற்றணு மடிகிறது. இன்று மருத்துவ வசதி மிக்க நாடுகளில், கடும் நிணநீரணு இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் அளவில் பிழைக்கின்றனர். அவர்களுக்கு அளிக்கப்படும் கூட்டு மருந்துகளுள் வின்கிரிஸ்டினும் ஒன்று.

அப்படியாயின், இலையைப் பறித்துக் காய்ச்சிக் குடிக்கலாமா? கூடவே கூடாது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பெற ஏறத்தாழ 500 கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். அன்றியும், இச்செடியில் நச்சுப்பொருள்கள் பல உள்ளன. தூய்மையாக்கப்பட்ட மருந்தேகூட அளவு மீறினால் நரம்புகளைத் தாக்கும். ஆதலால், மருத்துவர் அளவறிந்து இரத்தக்குழாய் வழியே செலுத்துகின்றனர். இலையில் மருந்து உண்டு என்பது உண்மை. இலையே மருந்து என்பது தவறு.

கஷாயத்தை நம்பிக் காலங்கடத்துவோர், நோயைக் குணப்படுத்தக்கூடிய தொடக்க நிலையை இழந்துவிடுகின்றனர். மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், காரணமற்ற இரத்தப்போக்கு, நாளுக்கு நாள் உடல் மெலிதல் ஆகியவற்றுள் எது தோன்றினும், அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்திற்கு உடனே செல்லுங்கள். வீட்டில் ஏதேனும் மூலிகை உட்கொண்டிருந்தால் அதனையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். நித்தியகல்யாணி வாசலில் மலரட்டும். மருத்துவம் மருத்துவரிடமே இருக்கட்டும்.