பாடலும் ஒரு சொத்தே
தனியிசைக் கலைஞர்களின் உரிமையும் வருவாயும்

தில்லியில் 1990-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘இந்தியன் ஓஷன்’ இசைக்குழு, 2010-இல் வழக்கத்திற்கு மாறான ஒரு முடிவை எடுத்தது. ‘16/330 கஜூர் ரோடு’ என்னும் தனது இசைத்தொகுப்பைக் கடைகளின் வழி விற்பதற்கு மாறாக, மாதம் ஒரு பாடல் என்ற முறையில் தன் இணையதளத்தில் இலவசமாக வழங்கியது. கரோல் பாக் பகுதியில் அக்குழுவினர் பயிற்சி செய்துவந்த பழைய வீட்டின் முகவரியே அத்தொகுப்பின் பெயர். 2009 டிசம்பரில் மறைந்த அக்குழுவின் நிறுவனர்களுள் ஒருவரான அசீம் சக்ரவர்த்தியின் இசையும் அதில் இடம்பெற்றிருந்தது.

பாடல்களை விலையின்றி வழங்கிய அக்குழுவிற்கு மேடை நிகழ்ச்சிகளே வாழ்வாதாரமாக விளங்கின. பாடல் பரவினால் மேடைகள் பெருகும் என்பது எளிய கணக்கு. அதற்கு அடிப்படையாக மற்றோர் உண்மையும் உண்டு. தமக்கு உரிமையானதை மட்டுமே ஒருவர் பிறருக்கு இலவசமாக வழங்க இயலும். பாடல் தம் வசம் இருந்ததனால்தான் அதனை என்ன செய்வது என்பதை அக்குழுவினரே தீர்மானிக்க முடிந்தது.

இன்று பாடலை வெளியிடுவது மிகவும் எளிதாகிவிட்டது. வீட்டின் ஓர் அறையில் பதிவுசெய்த பாடலை, டியூன்கோர், டிஸ்ட்ரோகிட் போன்ற விநியோக நிறுவனங்களின் வழியே உலகெங்கும் உள்ள இசைச்செயலிகளில் இடம்பெறச் செய்யலாம். 2019-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் பராக் ஒபாமா வெளியிட்ட தமது விருப்பப் பாடல்களின் பட்டியலில், தில்லியைச் சார்ந்து இயங்கிய தனியிசைக் கலைஞர் பிரதீக் குஹாத்தின் ‘கோல்ட்/மெஸ்’ இடம்பெற்றது. திரைப்படத்தின் துணையின்றியும் ஓர் இந்தியப் பாடல் தொலைதூரம் செல்லும் என்பதற்கு அது சான்று. எனினும், பாடல் சென்றடைவது வேறு; அதன் பயன் படைத்தவரை வந்தடைவது வேறு. பின்னதற்கு உரிமை பற்றிய தெளிவு இன்றியமையாதது.

ஒரு பாடல், பல உரிமைகள்

நாம் ஒன்றாகக் கேட்கும் பாடலைச் சட்டம் பலவாகப் பிரித்துக் காண்கிறது. வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு. மெட்டு ஓர் இசைப் படைப்பு. ஒலிப்பதிவு மூன்றாவது சொத்து. இவற்றோடு, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வரிகளும் மெட்டும் படைப்பாளியின் வாழ்நாள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் பாதுகாக்கப்படுகின்றன. எனவே ஒரு நல்ல பாடல் அடுத்த தலைமுறைக்கும் சென்றுசேரும் சொத்தாகும்.

ஒலிப்பதிவைப் பொறுத்தவரை, அதனை உருவாக்கும் முயற்சியையும் பொறுப்பையும் ஏற்பவரே தயாரிப்பாளர். தம் பணத்தில் பாடலைப் பதிவுசெய்யும் கலைஞர், கலைஞராக மட்டுமன்றித் தயாரிப்பாளராகவும் ஆகிறார். ஆகவே ஒலிப்பதிவுக் கூடத்திற்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும் தரும் தொகையை வங்கிக் கணக்கின் வழியே செலுத்தி, ரசீதைத் தம் பெயரில் பெறுவது நலம். பின்னாளில் உரிமை குறித்த கேள்வி எழுமாயின் அதுவே சான்றாக நிற்கும்.

பதிப்புரிமை, படைப்பு உருவான கணமே பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமன்று. ஆயினும் பதிவுச் சான்றிதழ் வழக்குகளில் வலுச்சேர்க்கும். பதிப்புரிமை அலுவலகத்தில் இசைப் படைப்புக்கு 500 ரூபாயும் ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாயும் பதிவுக் கட்டணம்.

கையெழுத்திடும் முன்

இளங்கலைஞர் பலர் தம் முதல் பாடலை ஒரே தொகைக்கு முழுவதுமாக எழுதிக்கொடுத்து விடுகின்றனர். உரிமை மாற்றம் எழுத்து வடிவில், கையொப்பத்துடன் இருந்தால் மட்டுமே செல்லும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிடில் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், அவற்றுக்கு ஈடான விலை தரப்படுகிறதா என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

2012-ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் மேலும் ஒரு காப்பை அளித்தது. உரிமையை விற்ற பின்னரும், ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமை அவர்களை விட்டு நீங்காது. அதனைச் சட்டப்படியான வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்திற்கோ மட்டுமே மாற்றித்தர இயலும். இந்தத் தொகையை வசூலித்துப் பகிர்ந்தளிக்கும் அமைப்பு, 1969-இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். பாடகர்களுக்கு, முன்னர் இஸ்ரா என்று அழைக்கப்பட்ட சங்கம் உண்டு. உறுப்பினர் ஆகாதவருக்கு வரவேண்டிய தொகை அவரைத் தேடி வருவது அரிது.

குழுவாக இயங்குவோர், பாடல் வெளியாகும் முன்பே யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை ஒரு தாளில் எழுதி அனைவரும் கையொப்பமிடுதல் வேண்டும். வருவாய் வருவதற்கு முன் இந்தப் பேச்சு எளிது, வந்தபின் கடினம்.

வருவாய் வரும் வழிகள்

இசைச்செயலிகள் ஒரு முறை கேட்பதற்கு இவ்வளவு என்று நிலையான விலை தருவதில்லை. சந்தாவும் விளம்பரமும் சேர்ந்த மொத்த வருவாயில், கேட்கப்பட்ட அளவுக்கேற்பப் பங்கு பிரிக்கப்படுகிறது. 2024 முதல், ஓராண்டில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாடலுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவுத் தொகை வழங்குவதில்லை. யூடியூபில் விளம்பர வருவாய் பெற 1,000 சந்தாதாரர்களும், அவர்களுடன் 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையோ 90 நாட்களில் குறுங்காணொளிகளுக்கு ஒரு கோடிப் பார்வைகளோ வேண்டும். ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் 12 எழுத்து, எண்களாலான அடையாளக் குறியீடு தரப்படுகிறது. எந்தப் பாடலுக்கு எவ்வளவு என்பதைத் தளங்கள் அறிவது அதனைக் கொண்டே.

புகழ்பெற்ற திரைப்பாடல்களை மீண்டும் பாடி வெளியிடுவது நேயர்களைத் திரட்ட உதவலாம். ஆனால் யூடியூபின் அடையாளங்காணும் முறை அதன் வருவாயை மூல உரிமையாளருக்கே திருப்பிவிடக் கூடும். சொந்தப் படைப்பே சொத்தாகும். மேடை, பயிற்சி வகுப்பு, விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் பாடலை உரிமத்தில் தருதல் எனச் சிறு ஓடைகள் பல சேர்ந்தே ஒரு கலைஞரின் ஆண்டு வருவாய் ஆகிறது.

கணக்கும் ஒழுங்கும்

கலைஞரின் வருவாய் மாதந்தோறும் சீராக வருவதன்று. எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆறு நிகழ்ச்சிகளில் தலா 40,000 ரூபாய் கிடைப்பதாகக் கொள்வோம். 2,40,000 ரூபாய் பெருந்தொகையாகத் தோன்றும். பன்னிரண்டு மாதங்களுக்கு வகுத்தால் மாதம் 20,000 மட்டுமே. எனவே இசை வருவாய்க்கெனத் தனிக் கணக்குத் தொடங்கி, அதிலிருந்து மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட தொகையைக் குடும்பக் கணக்கிற்கு ஊதியம்போல் மாற்றிக்கொள்வது நல்ல பழக்கம். ஓய்வூதியம் இல்லாத தொழில் ஆதலால், பொது வருங்கால வைப்பு நிதியையும் மருத்துவக் காப்பீட்டையும் முதல் வருவாயிலேயே தொடங்குதல் நலம்.

வெளிநாட்டிலிருந்து வரும் தொகைக்கு வங்கி தரும் வரவுச் சான்றைப் பாதுகாத்து வைக்க வேண்டும். யூடியூபில் வரி விவரப் படிவத்தை நிரப்பியவருக்கு, அமெரிக்க நேயர்களால் வரும் பங்கில் மட்டும் இரு நாட்டு ஒப்பந்தப்படி 15 விழுக்காடு வரி பிடிக்கப்படும். நிரப்பாதவரின் உலகளாவிய வருவாயிலும் 24 விழுக்காடு வரை பிடிக்கப்படலாம். நாட்டார், செவ்வியல் இசைக் கலைஞர்களுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் ரூபாய் வரையிலான கட்டணத்திற்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்பதும் அறியத்தக்கது.

பிள்ளைகள் இசையைத் தொழிலாகத் தேர்ந்தால் கலங்கும் பெற்றோர் பலர். ‘இதில் வருவாய் உண்டா?’ என்பது அவர்களின் நியாயமான கேள்வி. அதனுடன் ‘உன் பாடல் யார் பெயரில் இருக்கிறது?’ என்பதையும் சேர்த்துக் கேட்பார்களாயின், அதுவே அப்பிள்ளைகளுக்கு அவர்கள் செய்யும் பேருதவியாகும். நிலத்திற்குப் பத்திரமும் வைப்புத்தொகைக்கு ரசீதும் பேணும் குடும்பங்கள், இனிப் பாடல்களின் ஒப்பந்தங்களையும் அவற்றுடன் ஒரே கோப்பில் வைக்கப் பழகட்டும்.