பாரில் கிரெடிட் கார்டை விட்டுட்டீங்களா? வெட்கப்பட்டால் பணம் அம்போ!

ஐந்தருவியில் குளித்து விட்டுத் தலையைத் துவட்டும்போது எல்லோரும் தேடுவது மூன்று பொருள்கள். செருப்பு, மோதிரம், பர்ஸ்! இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதுதான் கிரெடிட் கார்டு.

"பர்சுலதானல வச்சேன்! எங்க போச்சு?" என்று பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துப் பயன் இல்லை. முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்த பாரிலேயே அது தங்கி இருக்கலாம்!

ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் சீசன். பேரருவி, பழைய குற்றாலம், புலியருவி, ஐந்தருவி எங்கு பார்த்தாலும் மனிதத் தலைகள். தென்காசி வரை லாட்ஜுகளில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. பகலில் அருவி, இரவில் சிலருக்குப் பார்!

கருப்பு அட்டைக்குள் மாயம்

கார்டு தொலையும் விதம் சாதாரணமானது.

பில் வரும். கருப்பு அட்டைக்குள் கார்டை வைத்துக் கொடுப்பார் ஆசாமி. சர்வர் எடுத்துக் கொண்டு போவார். கல்லாவில் இருந்து, "சார், பின் நம்பர்?" என்று குரல் வரும். இவர் உட்கார்ந்த இடத்தில் இருந்தே நாலு நம்பரையும் சத்தமாகச் சொல்வார். பக்கத்து மேஜைக்காரர் காதிலும் அது விழும்.

ரசீது திரும்பி வரும். கார்டு, அட்டையின் உள் மடிப்பில் பதுங்கி இருக்கும். "ஏலே, ஆட்டோ வந்தாச்சு, வா!" என்று கூட்டாளிகள் அவசரப்படுத்துவார்கள். கார்டு அங்கேயே நின்று விடும்.

அந்தக் கார்டு அடுத்தவர் கையில் கிடைத்தால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு அல்ல. ரகசிய நம்பரும் தெரிந்தால் கஜானாச் சாவி!

வாயை மூட வைக்கும் வெட்கம்

கார்டைக் காணோம் என்று தெரிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை வங்கிக்குச் சொல்வது. ஆனால் பலருக்கு முதலில் வருவது வெட்கம்.

"பாருக்குப் போனது வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" "ஆபீசுல கேலி பண்ணுவாங்களே!" "காலைல போய் நைசா வாங்கிக்கிடலாம்." இப்படி நினைத்துப் போர்வையை இழுத்து மூடிக் கொள்கிறார்கள்.

டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடினால் மறுநாள் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். இடையில் 14 மணி நேரம்! அந்த 14 மணி நேரமும் கார்டு யாரிடம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

வங்கிக்காரர் "பாருக்கு ஏன் போனீர்கள்?" என்று கேட்கப் போவது இல்லை. கார்டு காணவில்லை, கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள் என்பதுதான் அவருக்குத் தேவை. வீட்டுக்குத் தகவல் சொல்வதும் அவர் வேலை அல்ல.

கார்டை வைத்து என்ன செய்யலாம்?

மெஷினில் தொட்டாலே பணம் போகும் வசதி சில கார்டுகளில் உண்டு. இதற்கு ரூ.5 ஆயிரம் வரை ரகசிய நம்பர் தேவை இல்லை. முன்பு ரூ.2 ஆயிரமாக இருந்த இந்த வரம்பை 2021 ஜனவரி 1-ந் தேதி முதல் ரிசர்வ் வங்கி உயர்த்தியது. பெட்ரோல் பங்க்கில் ஒரு தடவை, பேக்கரியில் ஒரு தடவை என்று தொட்டுக் கொண்டே போனால் என்ன ஆகும்?

ரகசிய நம்பரும் தெரிந்தவன் என்றால் ரூ.5 ஆயிரத்தோடு நிற்க மாட்டான்.

உள்நாட்டு இணையக் கடைகளில் பொருள் வாங்கினால் செல்போனுக்கு ஓ.டி.பி. வரும். அது ஒரு காவல். ஆனால் வெளிநாட்டு இணையக் கடைகள் பல ஓ.டி.பி. கேட்பது இல்லை. முன்பக்க நம்பர், முடியும் மாதம், பின்பக்கத்து மூன்று நம்பர் போதும். செல்போனில் ஒரு படம் எடுத்தாலே எல்லாம் கிடைத்து விடும்.

டெபிட் கார்டு என்றால் இன்னும் மோசம். கிரெடிட் கார்டில் போவது வங்கி கொடுத்த கடன். பில் வரும்போது தகராறு செய்யலாம். டெபிட் கார்டில் சேமிப்புக் கணக்குப் பணம் அப்போதே காலி!

முதல் 5 நிமிடம்

ஆகவே பாருக்கு ஓடாதீர்கள். முதலில் கார்டைப் பூட்டுங்கள்!

வங்கியின் செல்போன் செயலியில் கார்டை ஆப் செய்யும் வசதி இருக்கிறது. 24 மணி நேரமும் இந்த வசதி தர வேண்டும் என்று 2020-ம் ஆண்டு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கார்டு கிடைத்தால் மறுபடி ஆன் செய்து கொள்ளலாம். நஷ்டம் ஒன்றும் இல்லை.

செயலி இல்லையா? வங்கிக்குப் போன் செய்யுங்கள். ஆனால் அந்த நம்பர் அச்சடித்து இருப்பது எங்கே? தொலைந்து போன கார்டின் முதுகில்! அதனால் ஊருக்குப் புறப்படும் முன்பே அதைத் தனியாக எழுதி வையுங்கள். மனைவி போனிலும் பதிந்து வையுங்கள்.

அவசரத்தில் கூகுளில் தேடி வந்த நம்பருக்கு அடிக்காதீர்கள். வங்கி பெயரில் போலி நம்பர் போட்டுக் காத்திருக்கும் கில்லாடிகள் உண்டு. "கார்டை பிளாக் பண்றேன், ஓ.டி.பி. சொல்லுங்க சார்" என்பான். சொன்னால் மிச்சமும் போச்சு!

வங்கியில் புகார் எண் தருவார்கள். அதையும், சொன்ன நேரத்தையும் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு அந்த எண்தான் சாட்சி.

அடுத்தது பார்

இதை எல்லாம் முடித்த பிறகு பாருக்குப் போன் போடலாம். "அண்ணாச்சி, ராத்திரி ஒரு கார்டை விட்டுட்டு வந்துட்டேன். எடுத்து வச்சிருக்கியளா?" என்று கேட்பதில் என்ன கேவலம்?

"இருக்கு சார், கல்லாவுல பத்திரமா இருக்கு" என்றால் அடையாள அட்டையோடு நேரில் போய் வாங்குங்கள். அதற்காக அப்படியே விட்டு விட வேண்டாம். பின் நம்பரை மாற்றுங்கள். ஒரு ராத்திரி வெளியே இருந்த கார்டை ரத்து செய்து, புது நம்பரில் வேறு கார்டு வாங்குவதே உத்தமம்.

"இங்க இல்லியே சார்" என்றால் யோசிக்கவே வேண்டாம். நிரந்தரமாக ரத்து செய்யுங்கள். பழைய கார்டில் மாதாமாதம் தானாகப் போய்க் கொண்டிருந்த இன்சூரன்ஸ், போன் பில் இருந்தால் புது நம்பரைக் கொடுக்க மறக்காதீர்கள்.

பர்ஸோடு டிரைவிங் லைசென்சும் போய் விட்டதா? தமிழ்நாடு போலீசின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததாகப் பதிவு செய்து சான்று வாங்கலாம்.

பணம் போய் விட்டதா?

பணம் எடுத்ததாக எஸ்.எம்.எஸ். வந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். இது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். சீக்கிரம் சொன்னால், பணம் கை மாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

நஷ்டம் யார் தலையில்? 2017 ஜூலை 6-ந் தேதி ரிசர்வ் வங்கி இதற்கு விதி வகுத்தது.

தவறு வங்கி மீதும் இல்லை, வாடிக்கையாளர் மீதும் இல்லை என்றால், வங்கித் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்குப் பொறுப்பு இல்லை. 4 முதல் 7 நாள் வரை தாமதித்தால் கணக்கைப் பொறுத்து ரூ.5 ஆயிரம் முதல் ரூ.25 ஆயிரம் வரை அவர் தலையில் விழலாம்.

பின் நம்பரைச் சத்தம் போட்டுச் சொன்னவர் கதை வேறு. அது வாடிக்கையாளரின் கவனக் குறைவு. புகார் செய்யும் வரை போன பணம் முழுவதும் அவருடையது. ஆனால் புகார் செய்த நிமிடத்துக்குப் பிறகு போனால் வங்கியுடையது! ராத்திரி 11 மணிக்குச் சொல்வதற்கும் மறுநாள் பகலில் சொல்வதற்கும் இவ்வளவு வித்தியாசம்.

சீக்கிரம் சொன்னவர் ஜெயித்த வழக்கும் உண்டு. 2021 அக்டோபரில் அசாமைச் சேர்ந்த ஒருவரை ஒரு செயலியை இறக்க வைத்து, அவர் கணக்கில் இருந்து ரூ.94 ஆயிரத்து 204-ஐ மோசடி ஆசாமி சுருட்டினான். அது கார்டு விவகாரம் அல்ல. ஆனால் பணத்தை இழந்தவர் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேட் வங்கியிடம் சொல்லி விட்டார். வங்கி பொறுப்பு ஏற்க மறுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2025 ஜனவரியில் வங்கியே பொறுப்பு என்று தீர்ப்பானது.

கண்டெடுத்தவர் கவனத்துக்கு

மேஜை துடைக்கும்போது கார்டு கிடைத்தால் கல்லாவில் ஒப்படைக்க வேண்டும். "நான்தான் அவர் தம்பி" என்று வருகிறவரிடம் கொடுத்து விடக் கூடாது. யாரும் வராவிட்டால் வங்கியிலோ, போலீஸ் நிலையத்திலோ சேர்க்கலாம்.

திருப்பித் தர எடுத்து வைப்பது குற்றம் அல்ல. நேர்மை இல்லாமல் தன் வசமாக்கிக் கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 314-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை ஜெயில். அடுத்தவர் ரகசிய நம்பரை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 லட்சம் வரை அபராதம்!

மறதியில் பிறந்த கார்டு

மறப்பது யாருக்கும் வரும். 1950-ம் ஆண்டு நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் கார்டைத் தொடங்கியவர் பிராங்க் மெக்னமாரா. ஓட்டலில் சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் பர்ஸை மறந்து வந்திருந்தாராம். அதில் பிறந்த யோசனைதான் கார்டு என்று அந்தக் கம்பெனி கதை சொல்வது உண்டு.

பர்ஸை மறந்தவருக்காக வந்த கார்டையே மறந்து விட்டு வந்தால் அதற்கும் வழி இருக்கிறது. மெஷினை மேஜைக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். நம்பரைக் கையால் மறைத்து அழுத்துங்கள். எழுந்திருக்கும் முன் பர்ஸைத் தடவிப் பாருங்கள்.

அதையும் மீறி விட்டு வந்தால் 5 நிமிடத்தில் வங்கிக்குச் சொல்லுங்கள். வீட்டில் திட்டு வாங்கினால் ஒரு நாளில் ஆறி விடும். போன பணம் திரும்பி வருமா?